ஜப்பானைக் களமாகக் கொண்ட அயல்நாட்டுத் திரைப்படங்கள்

ஜப்பானைக் களமாகக் கொண்ட அயல்நாட்டுத் திரைப்படங்கள் என்பவை, ஜப்பானியர் அல்லாத இயக்குநர்கள் ஜப்பான் நாட்டையோ அதன் மக்களையோ வரலாற்றையோ கருவாகக் கொண்டு உருவாக்கிய படங்களாகும். ஊமைப்படக் காலம் முதல் இன்றுவரை அமெரிக்கா, செருமனி, பிரான்சு, தைவான், ஈரான், இந்தியா முதலிய நாடுகளின் இயக்குநர்கள் இத்தகைய படங்களை எடுத்துள்ளனர். தமிழில் எம். ஜி. இராமச்சந்திரன் இயக்கிய உலகம் சுற்றும் வாலிபன் (1973), எஸ். பி. முத்துராமன் இயக்கிய ஜப்பானில் கல்யாணராமன் (1985) ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. எனினும் தமிழ்த் திரைப்படத்தில் ஜப்பானின் சித்திரிப்பு இவற்றுக்கு ஏறத்தாழ முப்பதாண்டுகள் முன்னரே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், தொடங்கிவிட்டது.

இப்படங்களை ஒப்பிடும்போது மூன்று செய்திகளைக் கவனிப்பது பயன் தரும். படம் எங்கே எடுக்கப்பட்டது, ஜப்பானியப் பாத்திரங்களில் யார் நடித்தனர், அவர்கள் எம்மொழியில் பேசுகின்றனர் என்பனவே அவை. ஜப்பானைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு இப்படங்கள் தம்மை எடுத்தவர்களைப் பற்றியும் சொல்கின்றன.

தொடக்ககாலம்

மேலை நாட்டுத் திரைப்படம் ஜப்பானை முதலில் நாடகமேடை வழியாகவே அறிந்தது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவனால் கைவிடப்படும் ஜப்பானியப் பெண்ணின் கதையான மேடம் பட்டர்பிளை 1915-இல் சிட்னி ஆல்காட்டின் இயக்கத்தில் அமெரிக்காவில் படமானது. ஜப்பானியப் பெண்ணாக மேரி பிக்போர்டு நடித்தார். இக்கதையையே தழுவி செருமனியில் பிரிட்சு லாங்கு 1919-இல் அராகிரி என்னும் படத்தை எடுத்தார். இரண்டிலும் ஜப்பான் என்பது விசிறியும் பட்டாடையும் தற்கொலையும் சேர்ந்த ஓர் அலங்காரமே.

ஜப்பானிலேயே, ஜப்பானிய நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட தொடக்ககால அயல்நாட்டுப் படங்களுள் சாமுராயின் மகள் (1937) விரிவாகக் குறிப்பிடத்தக்கது. பனிமலைப் படங்களால் புகழ்பெற்ற செருமானிய இயக்குநர் அர்னால்டு பாங்கு இதனை எடுத்தார். செருமனியும் ஜப்பானும் 1936 நவம்பரில் பொதுவுடைமை எதிர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்ட காலம் அது. உடன் இயக்குநராக அமர்த்தப்பட்ட மான்சாகு இதாமிக்கும் பாங்குக்கும் கருத்து ஒவ்வாமையால் படம் இரு வடிவங்களில் உருவாயிற்று. செருமனியில் படித்துத் திரும்பும் இளைஞன் பெரியோர் பேசி முடித்த திருமணத்தை மறுக்கிறான். அவனுக்கு உரியவளாக வளர்ந்த பெண் எரிமலை வாயில் விழ முற்படுகிறாள். இறுதியில் இருவரும் ஜப்பான் கைப்பற்றியிருந்த மஞ்சூரியாவில் உழவராகக் குடியேற, துப்பாக்கி ஏந்திய ஜப்பானியப் படைவீரன் ஒருவன் காவல் நிற்கிறான். பிறநாட்டு நிலத்தில் குடியேறுவதை இயற்கையான வாழ்க்கையாகக் காட்டும் இம்முடிவே படத்தின் நோக்கத்தை வெளிப்படுத்துகிறது. இப்பெண்ணாக நடித்த செட்சுகோ ஆராவுக்கு அப்போது வயது 16. பின்னாளில் யசுசிரோ ஓசுவின் படங்களில் உலகப்புகழ் பெற்ற நடிகை இவரே.

உலகப் போரும் தமிழ்த் திரைப்படமும்

தமிழ்த் திரைப்படத்தில் ஜப்பானியர் முதலில் எதிரிகளாகவே தோன்றினர். போர்க்காலத்தில் பிலிம் சுருள் தட்டுப்பாட்டால் பிரித்தானிய இந்திய அரசு படங்களின் நீளத்தை 11,000 அடியாகக் கட்டுப்படுத்தியது. போர் முயற்சிக்கு ஆதரவான படங்களை எடுக்குமாறு தயாரிப்பாளர்கள் மீது அழுத்தமும் இருந்தது. இச்சூழலில் 1945-இல் வெளிவந்தவை கே. சுப்பிரமணியம் இயக்கிய மானசம்ரட்சணம், டி. ஆர். சுந்தரம் இயக்கிய பர்மா ராணி ஆகியன.

சேலம் மாடர்ன் தியேட்டர்சு தயாரித்த பர்மா ராணியின் கதை, ஜப்பானியர் பிடியிலிருந்த பர்மாவில் சிக்கிக்கொண்ட இந்திய விமானப்படையினரைப் பற்றியது. கே. எல். வி. வசந்தா, ஒன்னப்ப பாகவதர் ஆகியோர் நடித்த இப்படத்தில் ஜப்பானியப் படை அதிகாரியாக நடித்தவர் இயக்குநர் சுந்தரமே ஆவார். ஜப்பானியர் வேடத்தில் மேலைநாட்டார் நடித்ததைப் பற்றிப் பேசும் நூல்கள் பல உண்டு. சேலத்தில் தமிழ் பேசிய இந்த ஜப்பானிய அதிகாரியையும் அவ்வரிசையில் சேர்த்தே எண்ண வேண்டும்.

பர்மா தமிழர்களுக்கு வெறும் கதைக்களம் அன்று. இன்றைய புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலிருந்து சென்ற நகரத்தார் அங்கே பெருமளவில் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். கடன் திரும்பாத நிலையில், 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்கள் உடைமையாகியிருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. பல இலட்சம் இந்தியர் கப்பலிலும், இடம் கிடைக்காதோர் காடு மலைகளைக் கடந்து கால்நடையாகவும் வெளியேறினர். வழியில் இறந்தோர் பலர்.

இந்த நினைவே பராசக்தி (1952) படத்தின் தொடக்கமாக அமைந்தது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கி, மு. கருணாநிதி திரைக்கதை, உரையாடல் எழுதிய இப்படத்தில், இரங்கூனில் வாழும் மூன்று தமிழ்ச் சகோதரர்கள் போரினால் சிதறுகின்றனர். அகதிகளாக வரும் வழியில் ஒருவர் குண்டுவீச்சில் காலை இழக்கிறார். ஜப்பானியர் எவரும் இக்கதையில் பாத்திரமாக இல்லை. வானிலிருந்து விழும் குண்டாக மட்டுமே ஜப்பான் வருகிறது. ஆயினும் பர்மா ராணி காட்டிய எதிரியைவிட இக்குண்டு தமிழ் மக்கள் பட்டறிந்ததற்கு அண்மையானது என்பதில் ஐயமில்லை.

குவாய் ஆற்றுப் பாலம்

டேவிட் லீன் இயக்கிய த பிரிட்ச் ஆன் த ரிவர் குவாய் (1957) ஜப்பானியப் போர்க்கைதி முகாமைப் பற்றிய பிரித்தானிய-அமெரிக்கப் படம். சிறந்த படம் உட்பட 7 ஆசுக்கார் விருதுகளைப் பெற்றது. முகாம் தலைவரான கர்னல் சைட்டோவாக செசுவே அயகாவா நடித்தார். ஊமைப்படக் காலத்தில் ஆலிவுட்டில் புகழ்பெற்றிருந்த ஜப்பானிய நடிகர் இவர். கதை தாய்லாந்தில் நிகழ்ந்தாலும் படம் எடுக்கப்பட்டது இலங்கையில். களனி ஆற்றின் மீது, கித்துல்கல என்னும் ஊரில் மரப்பாலம் உண்மையாகவே கட்டப்பட்டு, தொடர்வண்டியுடன் தகர்க்கப்பட்டது.

தமிழ் வாசகர்கள் இப்படத்தில் கவனிக்க வேண்டியது, அதில் இல்லாதவர்களை. சயாம்-பர்மா தொடர்வண்டிப் பாதை 1942-43-இல் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் தொலைவுக்கு அமைக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகள் உழைத்தனர். 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களைவிட மிகப் பெரிய எண்ணிக்கையில் உழைத்தவர்கள் மலாயா, பர்மா, சாவகம் ஆகிய இடங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள். இவர்களில் மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள் கணிசமானோர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தோர் ஏறத்தாழ 90,000 எனப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. படத்தில் பாலத்தைக் கட்டுவோர் பிரித்தானிய வீரர்களே. ஜப்பானியக் கர்னலுக்கும் பிரித்தானியக் கர்னலுக்கும் இடையிலான மானப்போரே கதையாதலால் மூன்றாம் தரப்புக்கு அதில் இடமில்லாமற் போயிற்று. மரண இரயில் என்று தமிழில் வழங்கும் இந்நிகழ்வு மலேசியத் தமிழ் எழுத்தில் இடம்பெற்ற அளவுக்குத் தமிழ்நாட்டுத் திரைப்படத்தில் இடம்பெறவில்லை.

ஆலிவுட் படங்கள்

போருக்குப் பின் ஜப்பான் அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்ததால் (1945-1952) அமெரிக்கப் படக்குழுவினர் அங்குச் செல்வது எளிதாயிற்று. சாமுவேல் புல்லரின் அவுசு ஆப் பாம்பூ (1955) டோக்கியோ நகரை அகலத்திரையில் காட்டியது. டேனியல் மான் இயக்கிய த டீஅவுசு ஆப் த ஆகசுட்டு மூன் (1956) படத்தில் ஒக்கினாவா மொழிபெயர்ப்பாளனாக மார்லன் பிராண்டோ ஒப்பனையுடன் நடித்தார். மறு ஆண்டில் வந்த சயோனாராவில் காபுகி நடிகராக மெக்சிக்கோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான் நடித்தார். அதே படத்தில் நடித்த மியோசி உமேகி சிறந்த துணை நடிகைக்கான ஆசுக்கார் விருதைப் பெற்றார். நடிப்புக்கான ஆசுக்கார் விருது பெற்ற முதல் ஜப்பானியர் அவரே.

இக்காலத்தில் மற்றவற்றினின்று வேறுபட்டு நிற்பது யோசப் வான் இசுடெர்ன்பர்க்கு எடுத்த அனதகான் (1953). போர் முடிந்ததை நம்பாமல் 1951 வரை ஒரு தீவில் ஒளிந்திருந்த ஜப்பானியரின் உண்மை நிகழ்ச்சி இது. கியோத்தோவில் செயற்கைக் காட்டை அமைத்து ஜப்பானிய நடிகர்களைக் கொண்டே எடுத்தார். உரையாடல் ஜப்பானிய மொழியில், மொழிபெயர்ப்பு வரிகள் இன்றி ஒலிக்க, அதன்மேல் இயக்குநர் தம் குரலில் ஆங்கிலத்தில் கதை சொல்கிறார். அயலவர் ஒருவர் சொல்லும் கதை இது என்பதைப் பார்வையாளர் ஒரு கணமும் மறக்க இயலாது. பரவலாக வெற்றி பெறாத படமாயினும் நேர்மையான வழி என்றே கூற வேண்டும்.

ஹிரோஷிமா

பிரெஞ்சு இயக்குநர் அலன் ரெனேயின் ஹிரோஷிமா மோன் அமூர் (1959) இவ்வகைப் படங்களுள் தலையாயதாகக் கருதப்படுகிறது. அணுகுண்டைப் பற்றி ஆவணப்படம் எடுக்க அழைக்கப்பட்ட ரெனே, அதனை அவ்வாறு எடுக்க இயலாது என்று முடிவுசெய்து, எழுத்தாளர் மார்கெரித் துராசைக் கதை எழுதக் கேட்டுக்கொண்டார். அமைதியைப் பற்றிய படமொன்றில் நடிக்க ஹிரோஷிமா வரும் பிரெஞ்சு நடிகைக்கும் ஜப்பானியக் கட்டடக்கலைஞருக்கும் இடையிலான குறுகிய காலக் காதலே கதை. தொடக்கத்தில் அப்பெண் தான் அங்கே கண்டவற்றை, மருத்துவமனை, அருங்காட்சியகம் என்று வரிசையாகக் கூறுகிறாள். அவன் ஒவ்வொன்றையும் மறுக்கிறான். அவள் கண்டது பொய் என்பதன்று அவன் கூற்று. வெளியிலிருந்து வந்தவரின் கண்டறிதலுக்கு எல்லை உண்டு என்பதே படத்தின் மையம்.

ஜப்பானியராக நடித்த எயிசி ஒக்காதாவுக்குப் பிரெஞ்சு தெரியாது; உரையாடலை ஒலிகளாக மனனம் செய்து பேசினார். குண்டுவீச்சுக்குப் பிந்தைய காட்சிகள் சிலவற்றை இதேயோ செக்கிகாவா 1953-இல் எடுத்த ஹிரோஷிமா என்னும் ஜப்பானியப் படத்திலிருந்து ரெனே எடுத்தாண்டார். அப்படத்திலும் ஒக்காதா நடித்திருந்தார் என்பது பலரும் கவனிக்காத செய்தி.

இந்தியாவில் ஹிரோஷிமாவைக் கதையோடு இணைத்த படம் மோகன் குமார் இயக்கிய இந்திப் படமான அமன் (1967). அணுக்கதிர் வீச்சால் பாதிக்கப்பட்டோருக்கு மருத்துவம் செய்ய ஜப்பான் செல்லும் இந்திய மருத்துவராக இராசேந்திர குமார் நடித்தார். மெய்யியலாளர் பெர்ட்ரண்டு ரசல் ஒரு சிறு காட்சியில் தோன்றுகிறார். இதற்கு ஓராண்டு முன் வந்த பிரமோத் சக்கரவர்த்தியின் லவ் இன் டோக்கியோ (1966) இதற்கு நேர்மாறான கேளிக்கைப் படம். கதாநாயகி ஆசா பரேக்கு அணிந்த தலைமுடிப் பட்டைக்கு இந்தியாவின் பல பகுதிகளில் அப்படத்தின் பெயரே வழங்கலாயிற்று. பிற்காலப் படங்களில் அபர்ணா சென்னின் த சப்பனீசு வைப் (2010) வேறு வழியில் சென்றது. சுந்தரவனத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் ஜப்பானியப் பெண்ணும் கடிதத்திலேயே மணம் புரிந்து, ஒருவரையொருவர் காணாமலே வாழ்கின்றனர்.

கண்காட்சி நகரங்கள்: இரு தமிழ்ப் படங்கள்

ஜப்பானுக்குச் சென்று எடுக்கப்பட்ட புகழ்பெற்ற இரு தமிழ்ப் படங்களும் உலகக் கண்காட்சிகளை ஒட்டி எடுக்கப்பட்டவை.

1970 மார்ச் 15 முதல் செப்டம்பர் 13 வரை ஒசாக்காவில் நடைபெற்ற எக்சுபோ 70, ஆசியாவில் நிகழ்ந்த முதல் உலகக் கண்காட்சி. 77 நாடுகள் பங்கேற்றன. 6 கோடியே 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்வையிட்டனர். எம். ஜி. இராமச்சந்திரன் தம் குழுவினருடன் அங்குச் சென்று உலகம் சுற்றும் வாலிபன் படத்தின் பாடற்காட்சியை எடுத்தார். நாடோடி மன்னன் (1958) படத்துக்குப் பின் அவர் இயக்கிய இரண்டாவது படம் இது. ஆங்காங்கு, தாய்லாந்து, சிங்கப்பூர் முதலிய இடங்களிலும் படப்பிடிப்பு நடந்தது. இப்பயணத்தைப் பற்றி அவர் பொம்மை இதழில் தொடர் எழுதினார்.

மின்னலின் ஆற்றலைச் சேமிக்கும் வழியைக் கண்டறிந்த தமிழ் அறிவியலாளர் முருகன், அது போர்வெறியர் கைக்குச் செல்லாமலிருக்க ஆய்வுக் குறிப்புகளை மறைத்து வைக்கிறார். அவரைத் தேடிச் செல்லும் தம்பி ராசுவே உலகம் சுற்றுகிறார். இரு வேடங்களிலும் எம்.ஜி.ஆரே நடித்தார். அழிவுக்கும் ஆக்கத்துக்கும் பயன்படக்கூடிய ஆற்றல் என்னும் கரு, அணுகுண்டு வீசப்பட்ட நாட்டில் எடுக்கப்பட்ட படத்துக்குப் பொருத்தமானதே. எனினும் படம் அந்த இணைப்பை அழுத்தவில்லை. அது காட்டும் ஜப்பான் கண்காட்சிக் கூடங்களும் ஒளிவிளக்குகளும் நிறைந்த எதிர்கால நகரம். ஆலிவுட் படங்கள் ஜப்பானின் பழமையைத் தேடிச் சென்ற காலத்தில் தமிழ்ப் படம் அதன் புதுமையைக் காணச் சென்றது.

படம் வெளியாகும் முன் அரசியல் மாறிவிட்டது. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கினார். பல தடைகளுக்கு நடுவே 1973 மே 11 அன்று படம் வெளிவந்தது. சென்னையில் சுவரொட்டிகளுக்கான வரி உயர்த்தப்பட்டதால் சுவரொட்டி இன்றியே வெளியிடப்பட்டது; சிறு ஒட்டுத்தாள்களே விளம்பரமாயின. ஒன்பது நாட்களுக்குப் பின் நடந்த திண்டுக்கல் இடைத்தேர்தலில் புதிய கட்சி வென்றது. இப்படத்தைப் பற்றிய நினைவுக் குறிப்புகளில் ஒசாக்காவைவிடத் திண்டுக்கல் மிகுதியாக இடம்பெறுவது இதனால்தான்.

ஜப்பானில் கல்யாணராமன் 1985 தீபாவளிக்கு வெளிவந்தது. கல்யாணராமன் (1979) படத்தின் தொடர்ச்சியான இதன் கதையை பஞ்சு அருணாசலம் எழுத, கமல்ஹாசன் இரு வேடங்களில் நடித்தார். இளையராஜா இசையமைத்தார். இயக்குநர் முத்துராமனின் ஊரான காரைக்குடியும் பஞ்சு அருணாசலத்தின் ஊரான சிறுகூடல்பட்டியும் புதுக்கோட்டைக்குத் தெற்கே உள்ளன. பர்மாவை இழந்து திரும்பியவர்களின் அதே வட்டாரம் அது. அவ்விழப்பின் சாயல் எதுவும் இந்நகைச்சுவைப் படத்தில் இல்லை, எதிர்பார்க்கவும் இயலாது. அவ்வாண்டு சுகுபா நகரில் நடந்த அறிவியல் கண்காட்சியான எக்சுபோ 85-இன் பின்னணியில் காட்சிகள் எடுக்கப்பட்டன. சுற்றுலாப் பயணியின் கண்ணோட்டமே படம் முழுவதும் காணப்படுகிறது.

எதிர்த்திசையில், ரசினிகாந்து நடித்த முத்து (1995) 1998-இல் ஜப்பானில் வெளியாகிப் பெருவெற்றி பெற்றது. தமிழ்ப் படங்கள் ஜப்பானைக் கண்டதைவிட ஜப்பானியர் தமிழ்ப் படங்களைக் கூர்ந்து கண்டனர் எனலாம்.

ஓசுவைத் தேடி

1980-களில் ஜப்பானுக்குச் சென்ற இயக்குநர் சிலர் ஜப்பானியத் திரைப்படங்களின் வழியாகவே அந்நாட்டை அறிந்திருந்தனர். செருமானிய இயக்குநர் விம் வெண்டர்சு, ஓசு (1903-1963) காட்டிய டோக்கியோ இன்னும் இருக்கிறதா என்று தேடிச் சென்று டோக்கியோ-கா (1985) என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். அவர் கண்டவை பச்சிங்கோ சூதாட்டக் கூடங்களும் உணவகக் கண்ணாடிப் பேழைகளுக்காகச் செய்யப்படும் மெழுகு உணவு மாதிரிகளும். ஓசுவின் நடிகர் சிசூ ரியூவும் ஒளிப்பதிவாளர் யூகாரு அட்சுதாவும் பேசும் பகுதிகள் இப்படத்தின் உயிர்நாடி. பிரான்சின் கிறிசு மார்க்கர் எடுத்த சான் சொலேய் (1983) டோக்கியோவையும் ஆப்பிரிக்காவின் கினி-பிசாவையும் கற்பனைப் படப்பிடிப்பாளர் ஒருவரின் கடிதங்கள் வழியே இணைக்கிறது.

அமெரிக்கரான பால் சிரேடர் எழுத்தாளர் யுக்கியோ மிசிமாவின் வாழ்வை மிசிமா (1985) என்ற பெயரில் முழுதும் ஜப்பானிய நடிகர்களுடன் ஜப்பானிய மொழியிலேயே எடுத்தார். மிசிமாவின் வாழ்வும் 1970-இல் நிகழ்ந்த அவரது தற்கொலையும் ஜப்பானில் கூருணர்வுக்குரிய செய்திகளாதலால் இப்படம் பல பத்தாண்டுகள் அந்நாட்டில் வெளியிடப்படவில்லை.

ஓசுவின் நூற்றாண்டை ஒட்டி அவர் பணியாற்றிய சொச்சிகு நிறுவனம் தைவான் இயக்குநர் ஓ சியாவ்-சியென்னைக் கபே லூமியேர் (2003) எடுக்கச் செய்தது. ஈரானின் அப்பாசு கியாரொசுத்தாமி தம் கடைசிக் கதைப்படங்களுள் ஒன்றான லைக் சம்ஒன் இன் லவ் (2012) படத்தை டோக்கியோவில் எடுத்தார்.

2000-க்குப் பின்

த லாசுட்டு சாமுராய் (2003) பெரும்பாலும் நியூசிலாந்திலும், மார்ட்டின் இசுக்கோர்செசியின் சைலன்சு (2016) தைவானிலும் எடுக்கப்பட்டன. ராப் மார்சல் இயக்கிய மெமாய்ர்சு ஆப் எ கெய்சா (2005) படத்தில் முதன்மை ஜப்பானியப் பெண்களாகச் சீன, மலேசிய நடிகையர் நடித்தமை சீனாவிலும் ஜப்பானிலும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. சீனாவில் படம் வெளியிடப்படவில்லை. சோபியா கொப்போலாவின் லாசுட்டு இன் டிரான்சுலேசன் (2003) டோக்கியோ விடுதியில் தங்கும் இரு அமெரிக்கரின் தனிமையைக் காட்டுகிறது. ஜப்பானியரைக் கேலிப்பொருளாக்குகிறது என்ற குறையும் அதன்மீது கூறப்பட்டது.

கிளின்ட் ஈசுட்டுவுட் 2006-இல் இவோ சிமா போரை அமெரிக்கர் நோக்கில் ஒரு படமாகவும், ஜப்பானியர் நோக்கில் லெட்டர்சு பிரம் இவோ சிமா என்னும் மற்றொரு படமாகவும் எடுத்தார். பிந்தையது ஜப்பானிய மொழியிலேயே அமைந்தது. ஒரே போரை இரு தரப்பிலிருந்தும் ஒரே இயக்குநர் படமாக்கியது அரிய முயற்சி.

வெண்டர்சு மீண்டும் டோக்கியோ சென்று எடுத்த பெர்பெக்ட் டேய்சு (2023) பொதுக் கழிப்பறைகளைத் தூய்மை செய்யும் ஒருவரின் அன்றாட வாழ்வைக் கூறுகிறது. சிபுயா பகுதியில் கட்டடக்கலைஞர்கள் வடிவமைத்த கழிப்பறைகளைப் பற்றிக் குறும்படங்கள் எடுக்க அழைக்கப்பட்டவர், அதனை முழுநீளக் கதைப்படமாக்கினார். கோசி யாகுசோ கான் விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். ஆசுக்கார் விருதுக்கு ஜப்பான் தன் சார்பில் இப்படத்தையே அனுப்பியது. ஜப்பானியர் அல்லாத ஒருவர் இயக்கிய படத்தை அந்நாடு அவ்வாறு அனுப்பியது அதுவே முதன்முறை.

திரையிடல்கள்

இப்படங்களைத் தனித் தொகுப்பாகத் திரையிடும் சிறு விழாக்கள் அரிதாகவே நிகழ்கின்றன. இதற்கு அமைப்பு சார்ந்த காரணம் ஒன்று உண்டு. இந்தியாவில் அயல்நாட்டுப் படவிழாக்கள் பெரும்பாலும் தூதரகங்கள், பண்பாட்டு நிறுவனங்கள் ஆகியவற்றின் துணையுடன் நடப்பவை. ஒவ்வொன்றும் தன் நாட்டுப் படங்களையே முன்வைக்கும். சென்னையில் இன்டோ சினி அப்ரிசியேசன் பவுண்டேசன் போன்ற திரைப்படச் சங்கங்கள் நடத்தும் ஜப்பானியப் படவிழாக்களில் ஜப்பானிய இயக்குநர்களின் படங்கள் இடம்பெறும். ஹிரோஷிமா மோன் அமூர் பிரெஞ்சுப் படமாகவும், டோக்கியோ-கா செருமானியப் படமாகவும் வேறு வேறு அரங்குகளில் காட்டப்படும். உலகம் சுற்றும் வாலிபனை இவற்றோடு சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு எந்த விழாவிலும் எளிதில் அமைவதில்லை.

சென்னைக்கு வெளியே, மாவட்டத் தலைநகரங்களில் எழுத்தாளர் அமைப்புகளும் திரைப்பட ஆர்வலர்களும் நடத்தும் திரையிடல்களுக்குத் தூதரகக் கட்டுப்பாடு இல்லை. எனவே இத்தகைய தொகுப்புக்கு அவையே ஏற்ற இடங்கள். அங்கே இடர்ப்பாடு வேறு. இப்படங்களுள் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு வரிகள் இல்லை. ஆங்கில வரிகளைப் படிக்க இயலாதோருக்காகப் படம் தொடங்குமுன் ஒருவர் கதையைத் தமிழில் எடுத்துரைப்பது இத்தகைய திரையிடல்களில் வழக்கமாக உள்ளது.